மக்தபு தோட்டத்துக் காய் யாருக்கு?



மக்தபுக்குப் பின்னால் நமது அறக்கட்டளை போட்டிருக்கும் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிற பக்கத்து மஹல்லாக்காரர்கள் அடுத்த வாரமே போன் செய்கிறார்கள். "எங்கள் பள்ளியிலும் இடம் சும்மா கிடக்கிறது, நாங்களும் போடலாமா, எவ்வளவு செலவாகும்?" என்பதுதான் கேள்வி. தாராளமாகப் போடலாம். செலவும் பெரிதில்லை. விதை, வேலிக் கம்பி, ஒரு சின்ன மோட்டார் என்று கணக்கெழுதிக் குழுவில் போட்டால், சபுரில் இருக்கும் நம் பிள்ளைகள் மாலைக்குள் அனுப்பிவிடுவார்கள். நமதூர்ப் பக்கம் நல்ல காரியத்துக்குப் பணம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை.

கடினம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. நட்ட மூன்றாம் மாதம் தண்ணீர் ஊற்ற யார் வருகிறார்கள் என்பது ஒன்று. பறித்த காய் யார் வீட்டுக்கு, எந்த விதத்தில் போய்ச் சேருகிறது என்பது மற்றொன்று. இரண்டாவதில் நாங்கள் முதல் ஆண்டில் தவறு செய்தோம். தோட்டம் போட நினைக்கிறவர்களுக்கு அது உபயோகப்படும் என்பதால் அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அரிசி இருக்கிறது, காய் இல்லை

நெல் விளையும் பூமியில் காய்கறித் தர்மம் எதற்கு என்று ஜமாஅத் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. ஆகவே நமது பைத்துல்மால் பட்டியலில் உள்ள வீடுகளில் உலை கொதிக்காத வீடு இன்று அரிது. ஆனால் சோற்றோடு என்ன இருக்கிறது என்று பெண்கள் குழுவினர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது பல வீட்டில் ரசமும் ஊறுகாயும்தான் இருந்தன. சில வீட்டில் ஒரு துண்டு கருவாடு.

காரணம் நமக்குத் தெரியாததல்ல. காவிரிப் படுகையின் வயல்கள் குறுவை, சம்பா என்று நெல்லிலேயே கிடக்கின்றன. காய்கறியில் பெரும்பகுதி ஒட்டன்சத்திரத்திலிருந்தும் மலைப்பக்கத்திலிருந்தும் லாரியேறி, கும்பகோணம் மார்க்கெட்டில் இறங்கி, அங்கிருந்து நம் கடைத்தெருவுக்கு வருகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது, காய் வாடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதம் வசதியான வீட்டிலேயே தக்காளியை எண்ணித்தான் போட்டார்கள்.

ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது இரண்டு கிலோ. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். சட்டியில் கீரை குறைவாக இருந்தால் அது முதலில் யார் தட்டில் இல்லாமல் போகிறது என்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஐந்து சென்ட் தோட்டம் இந்தக் குறையைத் தீர்க்காது. எங்கள் பட்டியலில் பதினெட்டுக் குடும்பங்கள். நாளுக்கு இரண்டு கிலோ வீதம் கொடுக்க வேண்டுமானால் எங்களைப் போல் பல தோட்டம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கீரை, முடிந்த வாரத்தில் இரண்டு நாள் காய், இவ்வளவுதான் எங்களால் முடிகிறது. இதற்குமேல் வாக்குக் கொடுத்துத் தொடங்கினால் முதல் பட்டத்திலேயே பெயர் கெட்டுவிடும்.

கைபர் நிலம் சொல்லும் மூன்று விஷயம்

தோட்டத்து விளைச்சலைத் தர்மமாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஹிஜ்ரி 7-இல் கைபருக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று கருதிய அவர்கள், அதை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும்படி நபியவர்கள் வழிகாட்டினார்கள். நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகப் போகாது, வாரிசுகளுக்குப் பங்காகாது. விளைவது ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் விருந்தினருக்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும். புகாரி, முஸ்லிம் இரு தொகுப்பிலும் இந்தச் செய்தி உண்டு. வக்ஃபு என்ற ஏற்பாட்டுக்கே மார்க்க அறிஞர்கள் முதன்மையாக எடுத்துக்காட்டும் சம்பவம் இது.

தோட்டம் நடத்துகிறவர்களுக்கு இதில் மூன்று விஷயம் இருக்கிறது. முதலாவது, கொடுத்தவர் வைத்த நிபந்தனை. வக்ஃபு செய்தவர் எந்த நோக்கத்துக்காக எழுதிவைத்தாரோ அந்த நோக்கத்துக்கே வருமானம் போக வேண்டும். எங்களுக்குக் கிடைத்த இடம், முன்னோர் ஒருவர் பள்ளிவாசல் விளக்குச் செலவுக்கென்று விட்ட மனையின் ஒரு பகுதி. அதில் விளைவதை ஏழைகளுக்குக் கொடுப்பது நல்ல காரியம்தானே என்று நாங்கள் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டோம். ஹஸ்ரத் அவர்கள்தான் நிறுத்திக் கேட்டார்கள்: விளக்குக்கு விட்ட நிலத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இப்போது முத்தவல்லியிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அந்த இடத்துக்கு ஊர் நிலவரப்படி ஒரு வாடகையைப் பள்ளிவாசல் கணக்கில் கட்டுகிறோம். 1995-ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்திலும் வக்ஃபு சொத்தைக் குத்தகைக்கு விட வரைமுறைகள் இருக்கின்றன. எனவே மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன் பழைய சாசனத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். படித்தவர்கள் நிறைந்த மஹல்லாவிலும் இதை யாரும் செய்வதில்லை.

இரண்டாவது, பராமரிக்கிறவர் அதில் உண்ணலாமா என்பது. உமர் (ரலி) அவர்களின் ஏற்பாட்டில் இதற்கும் இடம் இருந்தது. நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், தம் நண்பருக்கும் கொடுக்கலாம், சொத்தாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. எங்கள் முதல் சச்சரவே இதில்தான் வந்தது. தினமும் தண்ணீர் ஊற்றிய ஒரு சகோதரர் நாலு கத்தரிக்காய் மடியில் கட்டிப்போனதை யாரோ பார்த்து, ஏழைகள் பொருள் என்று பேசிவிட்டார்கள். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. ஒரு நல்ல ஆளை நாலு கத்தரிக்காய்க்கு இழந்தோம். பிறகு நோட்டில் எழுதியே வைத்தோம்: உழைக்கிறவர் அன்றைய ஒரு வேளைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, யார் பொறுப்பு என்பது. உமர் (ரலி) அவர்கள் தமக்குப் பின் அந்த நிலத்தின் நிர்வாகத்தைத் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்ததாக அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. எங்கள் தோட்டத்துச் சாவி இப்போது தெருவே நன்னி என்று கூப்பிடும் ஒரு மூதாட்டியின் இடுப்பில் இருக்கிறது. செயற்குழுவில் சிலருக்கு அதில் தயக்கம் இருந்தது. மேலே சொன்ன செய்தியை ஹஸ்ரத் எடுத்துச் சொன்ன பிறகு தயக்கம் தீர்ந்தது.

மண்ணும் மாதமும்

எல்லா ஊரிலும் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள். நாங்களும் விதைத்தோம். கத்தரியை ஆடி முதல் வாரம் நாற்றுவிட்டால் முப்பது, முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நடலாம். நட்டு இரண்டு மாதம் ஆகும்போது முதல் காய். கணக்குப் பார்த்தால் அது ஐப்பசி. சரியாக வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். நம் மண் நெல்லுக்கென்று அமைந்த களி, விழுந்த தண்ணீரை விடாது. நெல்லுக்கு அது வரம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் வேர் மூச்சு முட்டிப் போகும். மூன்று நாள் மழையில் பாத்தியெல்லாம் குட்டையாயிற்று. நாலாம் நாள் வெயில் வந்ததும், தண்ணீர் இல்லாமல் வாடுவது போலவே செடிகள் தலை கவிழ்ந்தன. அது வாட்டம் என்று நினைத்து ஒரு தம்பி இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லூரியில் கணினி படிக்கிற பிள்ளை.

அதன் பிறகு வேலையின் வரிசையை மாற்றினோம். முதலில் வடிகால். இடத்தின் தாழ்ந்த மூலை எது என்று ஒரு மழைநாளில் நின்று பார்த்து, அங்கே தண்ணீர் வெளியேற வழி வெட்டினோம். வெட்டிய மண்ணையும் மட்கிய எருவையும் போட்டு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேட்டுப்பாத்திகள் எட்டு. இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும் என்பதால் அகலம் நான்கடிக்கு மேல் இல்லை. பாத்திமேல் ஏறி மிதிக்கக் கூடாது என்பதை மக்தபு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு மாதம் ஆனது.

எங்கள் முக்கியப் பட்டம் இப்போது தை. மார்கழியில் நாற்றுவிட்டு, தைக் கடைசியில் நட்டால் பங்குனி முதல் வைகாசிவரை கத்தரி, மிளகாய், தக்காளி. வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக ஊன்றுவது. பந்தலில் சுரை, பீர்க்கு, புடலை. ஆடியில் பந்தல் அவரை மட்டும் ஊன்றுகிறோம். வேர் மேட்டில் இருந்தால் மழையைத் தாங்கி மார்கழி, தையில் காய்க்கிறது. மழைக்காலத்துத் தாழ்ந்த மூலையில் சேம்பும் பொன்னாங்கண்ணியும் தாமாகவே தழைக்கின்றன. முருங்கை தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், ஆகவே வேலியோரம் மண் குவித்து அதன்மேல் வைத்திருக்கிறோம். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை மூன்று நாலு வாரத்தில் கைக்கு வருபவை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீரையில் தொடங்குங்கள். ஆர்வம் குறையும் முன்பே பலன் கண்ணில் தெரிந்துவிடும்.

தைப்பட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், அதன் பிறகு வாய்க்காலில் தண்ணீர் வற்றும். கைப்பம்பும் மோட்டாரும் இருந்தாலும் எங்களுக்குப் பெரிய உதவி ஒளுத் தண்ணீர்தான். குழாயைத் திறந்துவிட்டு ஒளு செய்கிறவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்று ஒரு நாள் வாளி வைத்துப் பார்த்தோம். சிலருக்கு அரை வாளி. (சிக்கனத்தைப் பற்றி இங்கே உபதேசம் செய்யவில்லை, வாளி தானே பேசியது.) அந்தத் தண்ணீர் முன்பு சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரு குழாய் வழியாகத் தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து பாத்திக்குப் போகிறது. சோப்பு கலக்கும் குழாயை மட்டும் தனியே பிரித்துவிட வேண்டும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதுமானதாக இருக்கிறது. உடைத்த கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டிப் பத்து லிட்டர் ஆக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பது. கத்தரியில் புழு துளைத்த குருத்தையும் காயையும் வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் எந்தக் கரைசலும் பயனில்லை. கோமியம் கலந்த கரைசலைப் பற்றி வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். எருவிட்ட மண்ணில் விளைந்ததை உண்பதில் குற்றமில்லை, ஆனால் இலையில் பட்டதைக் கழுவாமல் உண்ண முடியாது என்று ஹஸ்ரத் விளக்கினார்கள். கீரை விஷயத்தில் வீண் சந்தேகம் வேண்டாம் என்று அதை நாங்கள் உபயோகிப்பதில்லை. பூச்சியைவிடப் பெரிய எதிரி ஆடு. பக்ரீதுக்கு முன் தெருவில் கட்டியிருந்த ஒரு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து இரண்டு பாத்தி வெண்டையை ஒரே லுஹர் நேரத்தில் முடித்தது. வேலி போடாமல் விதை வாங்காதீர்கள்.

மூன்றாம் மாதம்

திறப்பு நாளன்று நாற்பது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஐந்து பேர். இதற்குச் சோம்பல் காரணம் என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரே வேலையைக் கொடுத்திருந்தோம். யாராவது ஊற்றியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்த நாளில்தான் செடி காய்ந்தது.

இப்போது பாத்திக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் யாருக்கு முடிகிறதோ அவர் வருவார், ஊருக்குப் போனால் பக்கத்துப் பாத்தி வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். நேரத்தைக் கடிகாரத்தில் சொல்லாமல் பஜ்ருக்குப் பின், அஸருக்குப் பின் என்று வைத்தோம். மறந்துபோவது குறைந்தது. ரமலானில் அஸர் வேலையை நிறுத்திவிடுகிறோம், நோன்பு வைத்துக்கொண்டு மாலையில் குடம் தூக்கச் சொல்வது நியாயமில்லை. பஜ்ருக்குப் பின் மட்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்வதால் வரும் சில ஆண்டுகளுக்கு அது மாசியிலும் தையிலும் வருகிறது. செடி நன்றாக வளரும் பருவமும் அதுதான். நோன்புக் கஞ்சிக்கு அரசு அரிசி தருகிறது, புதினாவும் மல்லியும் தோட்டத்திலிருந்து போகட்டும் என்று ஒரு முழுப் பாத்தியை அதற்கே விட்டிருக்கிறோம்.

அனுபவத்தில் கண்டது, ஆண்கள் போர் போடுவது, வேலி கட்டுவது போன்ற ஒரு நாள் வேலைக்கு நன்றாக வருகிறார்கள். தினசரி வேலைக்கு நிலைத்து நிற்பவர்கள் பெண்களும் ஓய்வு பெற்ற பெரியவர்களும்தான். சிங்கப்பூரில் உறவினர் உள்ளவர்கள் யீஷூனில் உள்ள கூ டெக் புவாட் மருத்துவமனையைப் பார்த்திருக்கலாம். அதன் மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்பவர்கள் தன்னார்வலர்கள்.

மக்தபு பிள்ளைகள் ஆசையாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் தாமதமாக வந்த பிள்ளைக்குத் தண்டனையாகப் பத்துக் குடம் என்று ஒரு சமயம் நடந்துவிட்டது. அறிந்ததும் நிறுத்தினோம். தண்டனையாகத் தொட்ட மண்ணை அந்தப் பிள்ளை பெரியவனான பின் தொடமாட்டான்.

ஆண்டுக்கு இரண்டு முறை கொத்திப் பாத்தி சீரமைக்கக் கூலியாள் வைக்கிறோம். தர்மத் தோட்டம்தானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கேட்பதில்லை. அவர் வீட்டிலும் உலை இருக்கிறது.

கொடுக்கும் விதம்

இனி எங்கள் தவறு. முதல் பட்டத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முன்பு மேசை போட்டுப் பை பையாகக் கொடுத்தோம். பெயர் வாசித்தோம். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டோம். பணம் அனுப்பியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா என்பது எங்கள் நியாயம். மூன்றாம் வாரம் பட்டியலில் இருந்த ஒரு சகோதரி வரவில்லை. நான்காம் வாரமும் இல்லை. உடல்நலமில்லையோ என்று பெண்கள் குழுவினர் பார்க்கப் போனார்கள். அவர் மகன் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறான். வரிசையில் தாய் நிற்கும் படம் கை மாறி மாறி அவன் வகுப்புப் பிள்ளைகளிடம் போயிருக்கிறது. அந்தச் சகோதரி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். "காய் நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

மறைவாகக் கொடுப்பதன் சிறப்பை அல்பகரா அத்தியாயத்தில் ஓதி வளர்ந்தவர்கள்தான் நாங்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி நோவினை செய்தால் தர்மமே பாழாகும் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது. வாயால் சொல்லிக்காட்டினால் மட்டும்தான் தவறு என்று எண்ணியிருந்தோம் போலும். படம் பிடித்ததும் அதேதான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுவாரம் மேசையை எடுத்துவிட்டோம், பழைய படங்களையும் அழித்தோம். யார் யார் போனில் அது இன்னும் இருக்கிறது என்பது எங்கள் கையில் இல்லை. இப்போது செவ்வாயும் சனியும் பஜ்ருக்குப் பின் பறிக்கிறோம். கீரை ஒன்பது மணிக்கு மேல் வாடத் தொடங்கும், மதியச் சமையலுக்கு முன் வீட்டில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகும், நனைத்த சாக்கில் சுற்றிவைத்தால் நிற்கும். பறித்ததில் ஒரு பங்கை மக்தபு திண்ணையில் கூடையில் வைத்துவிடுகிறோம். பிள்ளையை விட வருகிற தாய்மார் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பட்டியலில் இருப்பவர், இல்லாதவர் என்ற பேச்சே இல்லை. வசதியுள்ளவர் எடுத்தால் பக்கத்து உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடுவார். செயற்குழுக்காரர்கள் வீட்டுக்கும் வாரம் ஒரு கட்டுக் கீரை அந்தக் கூடையிலிருந்தே போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். செயலாளர் வீட்டுப் பெண்ணும் அதே கூடையில் கை விட்டால்தான் மற்றவர் கூசாமல் கை விடுவார்கள். இன்னொரு பங்கை, பட்டியலில் உள்ள பதினெட்டு வீட்டுக்கும் பெண்கள் வழக்கமாகப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டு போகிறார்கள். உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர் வெறுங்கையோடு போகாதது போல. நோட்டில் பெயர் இல்லை, எண் மட்டும். பணம் அனுப்பியவர்களுக்கு மாதம் ஒருமுறை எத்தனை கிலோ பறித்தோம், எத்தனை வீட்டுக்குப் போனது என்ற எழுத்துக் கணக்கு. படம் வேண்டுமென்று கேட்பவர்களுக்குச் சுரைக்காய்ப் படம் அனுப்புகிறோம்.

சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் பல் மருத்துவர் ஈஸா பாத்திமா ஜாஸ்மின் தெருவில் வைத்த பொதுக் குளிர்பெட்டி பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கலாம். மிஞ்சிய உணவை யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எங்கள் திண்ணைக் கூடை அதே வழியில் வந்ததுதான்.

அந்தச் சகோதரி பிறகு வந்தாரா என்று கேட்பீர்கள். காய் வாங்க வரவில்லை. ஆறு மாதம் கழித்து, எனக்கும் ஒரு பாத்தி கொடுங்கள் என்று கேட்டு வந்தார். கொடுத்தோம். எட்டில் நல்ல பாத்தி அவருடையதுதான். உழைக்கிறவருக்குரிய குழம்புக் காயை எல்லாரையும் போல அவரும் எடுத்துப்போகிறார்.

எதை விதைப்பது என்பதையும் பெண்களிடமே கேளுங்கள். முள்ளங்கி சீக்கிரம் வரும் என்று ஆண்கள் சேர்ந்து போட்டோம், கூடையிலேயே கிடந்தது. சுரை ஒரே வாரத்தில் பெருகியபோது என்ன செய்வதென்று விழித்தோம். ஒரு நிக்காஹ் வீட்டார் வந்து தால்ச்சாவுக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக உண்டியலை நிரப்பிவிட்டுப் போனார்கள். பக்கத்துத் தெருவில் தறி நெய்யும் இரண்டு குடும்பங்களும் எங்கள் பட்டியலில் உண்டு. அவர்கள் நம் சமுதாயம் இல்லையே என்று ஒருவர் கேட்டார். ஸகாத்துக்குத்தான் பெறுவோர் இன்னார் என்று வரையறை இருக்கிறது, இது பொது ஸதகா. அதே காரணத்தால் ஸகாத் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தோட்டத்தில் போடுவதில்லை. அது உரியவர் கையில் சேர வேண்டிய பணம், மோட்டார் வாங்குகிற பணமல்ல.

இடம் இல்லாத மஹல்லாக்களுக்கு ஒரு யோசனை. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரப் பத்திரிகையில் தோட்டக்கலை எழுதிவந்த ஜெஃப் லோவன்ஃபெல்ஸ், 1995-இல் தம் வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டார்: உங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு வரிசையை மட்டும் ஊரிலுள்ள இலவச உணவுக்கூடத்துக்கென்று அதிகமாக நடுங்கள். அது பின்னர் நாடு முழுவதும் பரவியது. நம் வீடுகளில் கொல்லை இருக்கிறது, கொல்லையில் முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. முருங்கை காய்க்கிற மாதத்தில் பாதி கீழே விழுந்து காய்கிறது. வாரம் ஒரு நாள் அதைப் பறித்துத் திண்ணைக் கூடையில் சேர்க்க ஒரு பிள்ளையும் ஒரு சைக்கிளும் போதும். விளைச்சலில் உஷ்ரு கொடுப்பது காய்கறிக்கும் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை உங்கள் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மழை ஓய்ந்திருக்கும். வடிகால் தூர்வாரும் வேலை ஞாயிறு காலை பஜ்ருக்குப் பின், மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவரவும். கத்தரி, மிளகாய் நாற்றங்கால் மார்கழி முதல் வாரம். எட்டுப் பாத்தியில் ஏழுக்கு வீடு சொல்லியாயிற்று. கிழக்கோரம், ஒளுத் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள பாத்தி காலியாக இருக்கிறது. தண்ணீருக்கு நடக்க வேண்டாம், ஆனால் மதியத்துக்கு மேல் நிழல் விழும், கீரைக்குத்தான் ஆகும். விருப்பமுள்ள வீட்டார் நன்னியிடம் சொல்லிவிடவும். அவரிடம் சொன்னால் எங்களுக்கு வந்துவிடும்.